உடு

ஃபேக்டரி குவார்ட்டர்ஸ், ஆவடி
11.6.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கோவிந்தராஜ் எழுதுவது. நான், ரேணுகா, லாவண்யா மூன்று பேரும் சௌக்கியம். மலையில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு வந்திருந்தபோது காதைத் தேய்த்துக்கொண்டே இருந்தாயே, அந்தக் குளிர் விட்டதா?

உன் கார்டு வந்தது. 'டவர் விழுந்துவிட்டது. போன் போடாதே. கடிதம் எழுது.' மூன்றே வரி. தந்திகூட இதைவிட நீளமாக வரும். தபால் ஆபீசில் இன்லேண்ட் லெட்டர் கேட்டதற்கு அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்பத்து மூன்று வயதில் எழுத்தாளன் ஆக்கிவிட்டாய்.

பெரிய சேதி ஒன்று. எல்லா ஊர் ஃபேக்டரி டீம்களும் மோதும் பூப்பந்துப் போட்டி வரும் ஜனவரியில் நம் மைதானத்தில் நடக்கிறது. இருபத்தொரு வருஷமாக வெளியூர் வெளியூராகப் போய் ஆடினேன். இப்போதுதான் வீட்டு வாசலுக்கு வருகிறது. நீ கட்டாயம் வர வேண்டும். உனக்குத் தெரியாததா, ஐந்து பேரில் முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நடுவில் ஒருத்தன். பாதிப் பந்து அந்த ஒருத்தனுக்குத்தான் வரும். அந்த இடத்துக்கு வேறு ஆளே வந்ததில்லை.

யூசுப்தான் இப்போது கேப்டன். அப்ரண்டிஸ் முடித்து வேலைக்குச் சேர்ந்த உதயகுமார் என்று ஒருவனைக் கூட்டி வந்திருக்கிறான். இருபத்திரண்டு வயது. தலையில் பாதிக்கு முடி இல்லை, சிரைத்து விட்டிருக்கிறான். காதில் கடுக்கன். பேட்டைப் பிடிக்கிற பிடியே தப்பு. கிரிக்கெட் ஆடுகிறவன் மாதிரி நிற்கிறான். அவனை வாரத்தில் இரண்டு நாள் நடுவில் நிறுத்திப் பார்க்கிறார்கள். சும்மா, பழக்கத்துக்கு. அந்த இரண்டு நாள் எனக்கும் ஓய்வு கிடைத்த மாதிரி ஆயிற்று. மற்றபடி என் முழங்கால் நன்றாக இருக்கிறது. மாடிப்படி ஏறும்போதுதான் வலி, இறங்கும்போது இல்லை. உதயகுமாருக்கு வேகம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. வேகம் மட்டும் போதுமா?

லாவண்யா ப்ளஸ் டூ. படிக்கிறாள் என்று சொல்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

தம்பி
கோவிந்தராஜ்


புளியமேடு, கொடைக்கானல் கீழ்மலை
29.6.2023

அன்புத் தம்பி கோயிந்துவுக்கு,

அக்கா பஞ்சவர்ணம். இங்கே மழை, மிளகுக்கொடி, அட்டைப்பூச்சி எல்லாம் நலம். நானும் நலம். காதுக்கு ஒன்றும் இல்லை. ரேணுகாவுக்கு என் அன்பைச் சொல். லாவண்யாவிடம் அத்தை கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தை அளந்து பார்த்தேன். மகளுக்கு ஒன்றரை வரி, முழங்காலுக்கு ஒரு வரி, பிடிக்காத அந்த உதயகுமாருக்கு அரைப் பக்கம். கடுக்கனைக்கூட விடவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன கதைதான். நேராகவே கேட்கிறேன்: இப்போது நடுவில் யார் நிற்கிறது?

என் பாடு வழக்கம்போல். மாமா போன பிறகு வேலைதான் துணை. போன வாரம்கூட ஜீப் வர முடியாமல் பிரசவம் இங்கேயே ஆயிற்று. இருபத்தெட்டு வருஷம் இந்த மலையில் நர்சாக இருந்தும் என் வாயிலிருந்து நாம் பிறந்து வளர்ந்த சேக்காட்டின் பேச்சு போகவில்லை. வலி உச்சத்தில் இருக்கிறவளிடம் "மூச்ச உடு, உடு, உடு" என்று நான் கத்த, அந்த வலியிலும் அவள் சிரிக்கிறாள். "உடுன்னா என்ன சிஸ்டர், சேலை உடுக்குறதா? விடுன்னு சொல்லுங்க" என்கிறாள். இந்தப் பக்கத்துக்கே என் பெயர் உடு சிஸ்டர்தான். பஞ்சவர்ணம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அலுமினியக் குழலை வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதைப் பொருத்திக் கேட்கிற அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, கோயிந்து, அதற்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். தாயின் துடிப்பு நிதானமாகப் போகும். அதற்கு அடியில் அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் இன்னொன்று ஓடும். யாரும் முகம் பார்த்திராத ஓர் ஆள், உள்ளே தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டான். எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன், ஒரு தடவைகூடப் புல்லரிக்காமல் இருந்ததில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்.

அக்கா


ஆவடி
20.7.2023

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. உடம்புக்கு இல்லை, மனசுக்கு. நீ சௌக்கியமா?

நேராகக் கேட்டாய், நேராகவே சொல்கிறேன். நடுவில் நிற்பது உதயகுமார். பத்துப் பேர் பட்டியலை கேன்டீன் பக்கத்துப் பலகையில் ஒட்டினார்கள். ஐந்து பேர் ஆட, ஐந்து பேர் ரிசர்வ். என் பெயர் ஆறாவது. யூசுப் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறான்.

கீழ் வீட்டு வேம்புலியம்மாளைத் தெரியுமே. லாவண்யா வாயிலிருந்து ரிசர்வ் என்ற வார்த்தை அவர் காதில் விழுந்திருக்கிறது. மாடிப்படியில் என்னை மடக்கி, "இன்னா நைனா, உனுக்குனு தனியா சீட்டு ரிசர்வ் பண்ணிக்கீறாங்களாமே! மத்தவன்லாம் நின்னுகினு கெடக்க சொல்ல நீ குந்திகினு பாக்கலாமாம். இம்மா வருசம் ஆடுனதுக்கு மரியாதை குட்த்துட்டாங்க பாரு!" என்றார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது அவருக்கு. எனக்கும் வந்தது. அவர் அதையும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் கேசரி கொடுத்தனுப்பினார். தின்றேன்.

யூசுப் நேரில் வந்துதான் சொன்னான். அதைச் சொல்லாவிட்டால் பாவம். அதற்கு முன்னால் உனக்கு ஒன்று விளக்க வேண்டும். தலைக்கு மேலே போகிற பந்தை நடுவில் நிற்கிறவன் எட்டி அடிக்கத்தான் பார்ப்பான். அது கோட்டைத் தாண்டி வெளியே விழுமா என்று அவனுக்குத் தெரியாது. பின்னால் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். அவன் "உடு!" என்று ஒரு குரல் கொடுத்தால், ஓங்கிய பேட்டை அப்படியே இறக்கிவிட வேண்டும். யோசிக்கக் கூடாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது. நீ கத்துகிற அதே உடுதான். இருபது வருஷமாக என் பின்னால் நின்று அந்தக் குரலைக் கொடுத்தவன் யூசுப். அவன் உடு என்றால் என் கை தானாக இறங்கும்.

அன்றைக்கு சைக்கிள் ஸ்டாண்டில் என் தோளில் கை வைத்து, "மச்சான், இந்த வருசம் உடு" என்றான்.

கையைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. ஷிஃப்டில் பக்கத்துப் பக்கத்து மெஷின் வேறு.

எழுது.

கோவிந்தராஜ்


ஆவடி
27.8.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, பதிலே இல்லை. டவர்தான் விழுந்தது, தபால்காரருமா விழுந்துவிட்டார்?

கோபத்தில் இருந்தாலும் பயிற்சிக்குப் போகிறேன். போகாவிட்டால் பயந்துவிட்டான் என்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்று சொல்லட்டுமா? இத்தனை வருஷத்தில் நான் இந்த ஆட்டத்தை ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை. உள்ளேயே இருந்தவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு வருகிற பந்துதான் தெரியும். வெளியே உட்கார்ந்து பார்த்தால், ஒருவன் ஓர் அடி நகர்ந்தால் மற்ற நாலு பேரும் சொல்லாமலே அரை அடி நகர்கிறார்கள். வலையில் ஒரு முனையை இழுத்தால் மறுமுனை அசையும் இல்லையா, அந்த மாதிரி. இவ்வளவு அழகான ஒன்றுக்குள்ளேயா நான் நின்றுகொண்டிருந்தேன் என்று இருக்கிறது. ஆனாலும் பெஞ்ச் பெஞ்ச்தான்.

உன்னைப் பற்றிக் கவலையாக இருக்கிறது. இரண்டு வரியாவது போடு.

கோவிந்தராஜ்


புளியமேடு
18.9.2023

அன்புத் தம்பிக்கு,

நான் இருக்கிறேன். கவலைப்படாதே. நீங்கள் எல்லோரும் நலம்தானே? ஆகஸ்டில் வேலை நெருக்கடி, எழுத முடியவில்லை. பானுப்பிரியா என்று புதிய நர்ஸ் வந்திருக்கிறாள். இருபத்தாறு வயது. கெட்டிக்காரி.

நீ பெஞ்சிலிருந்து பார்த்ததை எழுதியிருந்தாயே, அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஏன் என்று கேட்காதே. பந்து பேட்டில் படுகிற சத்தம் கேட்காமல் உன்னால் ஆட முடியுமா?

அக்கா


ஆவடி
2.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம், நீ நலமாக இருக்க வேண்டுகிறேன். லாவண்யா காலாண்டுத் தேர்வில் கணக்கில் கோட்டைவிட்டாள். என் ரத்தம்.

என்ன கேள்வி அது? ஆடியே பார்த்துவிட்டேன். காந்தி ஜெயந்தி லீவு. குவார்ட்டர்ஸ் பின்னால் இருக்கிற திடலில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றேன். வலைக்கு அந்தப் பக்கம் ரேணுகாவும் மகளும். "உங்கப்பாவுக்கு முத்திப்போச்சுடி" என்று ரேணுகா சொன்னது பஞ்சையும் மீறிக் கேட்டது. அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. நாலு பந்து நெஞ்சில் பட்டது, ஒன்று மூக்கில். மஞ்சள் கம்பளிப் பந்துதான், வலிக்காது. ஆனால் அவமானம்.

அப்போதுதான் புரிந்தது. எதிரி அடித்த சத்தத்திலேயே பந்து தட்டி வருகிறதா, வெட்டி வருகிறதா என்று என் காலுக்குத் தெரிந்துவிடுகிறது. கண் அப்புறம்தான் வந்து கையெழுத்துப் போடுகிறது. இவ்வளவு நாள் கண்ணால் ஆடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பஞ்சை எடுத்தபோது காக்கை, சைக்கிள் மணி, மகள் சிரிப்பு எல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

போன ஞாயிறு அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு சிநேக ஆட்டம். என்னைக் கடைசியில் ஆறு பாயிண்டுக்கு இறக்கினார்கள். ஆறு. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே ஏரிக்காற்று. கம்பளிப் பந்துக்குப் பாதி வழியில் மனசு மாறும். உதயகுமார் முன்னால் பாய்ந்துவிட்டான், பந்து காற்றில் திரும்பி அவன் முதுகுக்குப் பின்னால் இறங்குகிறது. நானாக இருந்தால் போனது போகட்டும் என்றிருப்பேன். அவன் திரும்பவே இல்லை. ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, தலைக்கு மேலாக பேட்டைப் பின்னால் அனுப்பினான். தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது பந்தைத் தொட்டுத் தூக்கி, எதிரியின் மூலையில் கொண்டுபோய் வைத்தான். வைத்தான் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் கை தட்டியது நான். தட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். டீமிலிருந்து விலகுகிறேன் என்று கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். தீபாவளி முடிந்ததும் யூசுப் முகத்தில் வீசப் போகிறேன். ஆறு பாயிண்ட் ஆடுகிற பிச்சை எனக்கு வேண்டாம்.

நீ ஏன் அந்தக் கேள்வி கேட்டாய்?

கோவிந்தராஜ்


புளியமேடு
16.10.2023

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் பைக்கடிதத்தைக் கொடுக்காதே. காரணத்தை என்னால் இப்போது எழுத முடியவில்லை. எழுத வரும்போது எழுதுகிறேன். அதுவரை கொடுக்காதே. சட்டையைத் துவைக்கப் போடும்போது மறந்துவிடாதே, ரேணுகா படித்துவிடுவாள்.

அக்கா


ஆவடி
26.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க இந்தத் தடவை எனக்கு பயமாக இருக்கிறது.

தீபாவளி போயிற்று. கடிதம் இன்னும் பையில்தான். நீ சொன்னதற்காக. நேற்று மாலை பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் நடக்கப் போனேன். அங்கே பெரிய அடுக்குமாடி எழும்புகிறது. வேலையாட்களின் தகரக் கொட்டகைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு வாசலில் மூன்று மாதக் கைக்குழந்தை வீறிட்டு அழுது மூச்சு அடைத்து, முகம் நீலமாகப் போய்க்கொண்டிருந்தது. தாய் அதைத் தோளில் போட்டுத் தட்டி, "மூச்ச உடுடா, உடு, உடு" என்றாள். மற்றதெல்லாம் தெற்கத்திப் பேச்சு. அந்த ஒரு வார்த்தை மட்டும் நம் சேக்காட்டுச் சந்தில் இருந்து வந்தது.

குழந்தை மூச்சு விட்டு அடங்கியதும் கேட்டேன், எங்கே கற்றாய் என்று. "எங்க மலை சிஸ்டரு சொல்றது சார், உடு சிஸ்டரு" என்றாள். பெயர் கன்னியம்மா. கணவன் முனியன் கம்பி கட்டுகிறான். நான் உன் தம்பி என்றதும் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, நின்றபடியே அழுதாள்.

"சிஸ்டரு நல்லாருக்காங்களா சார்? காது கொஞ்சமாச்சும் தேவலையா?" என்றாள்.

எந்தக் காது என்றேன். டவர் விழுந்ததால் போனில் பேச முடியவில்லை என்றேன்.

"டவரா? அது எங்க சார் விழுந்துச்சு? நல்லாத்தான் நிக்கிது. சிஸ்டருக்குத்தான் ரெண்டு காதும் கேக்காது" என்றாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலே கேட்டதற்கு, "அத அவுங்கதான் சொல்லணும் சார். எம் புள்ளைய நல்லா பாத்துக்கங்க, இவன்தான்னு சொன்னா போதும், அவுங்களுக்குப் புரியும்" என்றாள்.

நன்றாகப் பார்த்தேன். நெற்றியில் பெரிய பொட்டு வைத்த சாதாரணக் குழந்தை. என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அக்கா, என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் உனக்கு யார்? முழங்கால், ரிசர்வ், கடுக்கன் என்று பக்கம் பக்கமாக எழுதினேனே. பஞ்சை எடுத்ததும் காக்கைச் சத்தம் கேட்டது என்று உனக்கே எழுதினேனே. அதைப் படிக்கும்போது உனக்கு எப்படி இருந்திருக்கும்?

உடனே எழுது.

உன் தம்பி
கோயிந்து


புளியமேடு
9.12.2023

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு நலம்தான். காது மட்டும் இல்லை. அப்படிப் பிரித்துச் சொல்லப் பழகிவிட்டேன்.

இரண்டு வருஷமாகக் குறைந்துகொண்டே வந்தது. ஏப்ரலில் ஒரு காய்ச்சல், அதோடு சரி. காது நரம்பு பட்டுப்போய்விட்டது என்று மதுரையில் சொன்னார்கள். மெஷின் வைத்தால் இரைச்சல் வருகிறது, பேச்சு வருவதில்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறி வந்திருப்பாய், "வா அக்கா ஊட்டுக்கு" என்று கூட்டிப்போயிருப்பாய். போனால் நான் உடு சிஸ்டர் இல்லையே, உன் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற காது கேட்காத அக்காதானே. அதனால் டவரைத் தள்ளிவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. வாயசைவைப் பார்த்தே சமாளித்தேன். கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள், துடிப்பை எண்ணாகவே காட்டும். அதை வைத்து ஓட்டினேன். ஆகஸ்டில் கன்னியம்மா வந்தபோது அதில் பேட்டரி இல்லை. பழைய குழலை எடுத்தேன். நிறைமாதம். வைத்துக் கேட்டேன். இடம் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

கோயிந்து, என் காது செத்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இருபத்தெட்டு வருஷப் பழக்கம் பார், குழலை வைத்தால் கேட்டுவிடும் என்றே அந்த நிமிஷம் நம்பினேன். கேட்கவில்லை என்றதும் என் காதைச் சந்தேகப்படவில்லை. குழந்தையைச் சந்தேகப்பட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "துடிப்பு இல்லைம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அலறியதையும் நான் பார்க்க மட்டும்தான் செய்தேன். ஜீப்பில் ஏற்றிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று மணி நேரம். இறந்த பிள்ளையைச் சுமக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அவள் வந்தாள். நினைக்க வைத்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே டாக்டர் பார்த்த உடனே சிரித்தார். அன்று சாயங்காலம் அந்தப் பயல் கையையும் காலையும் உதைத்துக்கொண்டு பிறந்தான். உன் விரலைப் பிடித்தது அந்தக் கைதான்.

கன்னியம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. மலை ஏறி வந்த அன்றே என் காது விஷயத்தை மெடிக்கல் ஆபீசருக்கு எழுதிக் கொடுத்தேன். குழலை பானுப்பிரியா கையில் வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் யாருக்கும் எழுத வரவில்லை.

இப்போது பதிவேடு எழுதுகிறேன், மாத்திரை கொடுக்கிறேன், வலியில் இருப்பவள் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்கிறேன். நானும் ரிசர்வ்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், நீ பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாயே, அதேபோல எனக்கும் ஒன்று கிடைத்தது. பானு காதை வைக்கும்போது நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். முதலில் புருவம் சுருங்கி இருக்கும், தேடுவாள். அப்புறம் சட்டென்று முகம் முழுக்க விரியும். கிடைத்துவிட்டது! இத்தனை வருஷம் என் முகம் இப்படியா இருந்தது? இதைத்தான் அந்தத் தாய்மார்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களா? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போகிறது. குழலை வைத்திருந்தபோது இதைப் பார்க்க எனக்கு வழியே இல்லை.

இனி உன் பைக்கடிதம். எனக்கு யாரும் பின்னால் நிற்கவில்லை, கோயிந்து. உடு என்று சொல்ல ஆளில்லை. கன்னியம்மாவின் அலறல்தான் சொல்லிற்று. உனக்கு யூசுப் இருக்கிறான். தோளில் கை வைத்து, முகத்தைப் பார்த்துச் சொன்னான். அவன் கையையா தட்டிவிட்டாய்?

ஜனவரியில் வருகிறேன். நீ ஆடினாலும் ஆடாவிட்டாலும்.

அக்கா


ஆவடி
23.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? அரையிறுதி முடிந்த கையோடு பஸ்ஸைப் பிடித்துவிட்டாய். மறுநாள் பானு லீவாம், சென்டரில் ஆள் இல்லையாம். ஒரு நாள் தங்கினால் மலை சரிந்துவிடுமா? கூட்டத்தில் உன்னிடம் எதுவும் சொல்ல முடியவில்லை. நீ கேட்டிருக்கவும் முடியாது. அதனால் அங்கே என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் என் கடிதத்தை சைக்கிள் ஸ்டாண்டிலேயே யூசுப்பிடம் கொடுத்தேன். படித்தான், முகம் சுருங்கிற்று. அதை வாங்கி அவன் கண்ணெதிரே கிழித்தேன். "இன்னாடா மச்சான் இது?" என்றான். "உட்டுட்டேன் மாமே" என்றேன். இரண்டு பேரும் டீ குடித்தோம். ஐந்து மாதப் பேச்சு பாக்கி இருந்தது, முதல் ஷிஃப்ட் சங்கு ஊதியும் முடியவில்லை.

அரையிறுதியில் மூன்றாவது செட் பாதியில் யூசுப் கணுக்கால் மடங்கி விழுந்ததைப் பார்த்தாய். தூக்கிப் போகும்போது என்னைத்தான் கை காட்டினான். நடுவில் இல்லை, பின்னால், அவன் இடத்தில். இருபத்தொரு வருஷத்தில் நான் அங்கே நின்றதே கிடையாது. முதல் நாலு பந்தை நாசமாக்கினேன். அதற்கு நீ தலையில் அடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

முப்பத்தைந்து பாயிண்ட் ஆட்டம். முப்பத்து நாலு, முப்பத்து நாலு. சர்வீஸ் எங்கள் கையில். பந்து நாலைந்து தடவை இங்கும் அங்கும் போயிற்று. அப்போது எதிரி ஒருவன் உயரத் தூக்கி அடித்தான். உதயகுமார் எழும்பினான். அக்கா, அவன் எழும்புவதை நீ பார்த்தாய்தானே? பேட் முழுசாக ஓங்கியாயிற்று. பந்து அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் வருகிறது. அடித்தால் பாயிண்ட் ஆனாலும் ஆகும். ஆனால் பின்னால் நிற்கிற எனக்குத் தெரிந்தது, அது வெளியே போகிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. அடித்த சத்தத்திலேயே தெரிந்தது.

'உடு' என்றேன்.

அந்தப் பயலுக்கு நான் யார்? ஆறு மாதமாக அவனிடம் முகம் கொடுத்துப் பேசாதவன். நான் தப்பாகச் சொல்லியிருந்தால் எல்லோரும் அவனைத்தான் திட்டுவார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. யோசிக்கவில்லை. காற்றில் நின்றபடியே பேட்டை இறக்கினான். பந்து அவன் தலைக்கு மேலாகப் போய், எனக்கும் மேலாகப் போய், கோட்டுக்கு நாலு விரல் வெளியே விழுந்தது.

இத்தனை வருஷம் அடித்து ஜெயித்திருக்கிறேன். அடிக்காமல் ஜெயித்தது அன்றைக்குத்தான். எல்லோரும் அவனைத் தூக்கினார்கள். நான் அந்த நாலு விரல் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருத்தன் குரலை நம்பி இன்னொருத்தன் கையை இறக்குகிறானே, அதை இருபது வருஷம் நானும் செய்திருக்கிறேன், எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாமலேயே.

மறுநாள் ஃபைனலில் செமையாகத் தோற்றோம். பதினெட்டைத் தாண்டவில்லை. நான் இரண்டு செட்டும் பெஞ்சில்தான். வேம்புலியம்மாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்ல எடம் நைனா, வெயிலே படல" என்றார். உண்மைதான்.

ஒரே ஒரு குறை. அந்த ஒரு குரலை நீ கேட்டிருக்க வேண்டும் அக்கா.

கோயிந்து


புளியமேடு
2.2.2024

அன்புத் தம்பிக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். வந்த அன்றே ஒரு பெண் குழந்தை. பானு இல்லாததால் கருவியில் எண்ணைப் பார்த்தேன், புது பேட்டரி. தாய்க்கு மூச்சு உடத்தான் சொல்லிக் கொடுத்தேன். யூசுப்பின் கால் எப்படி இருக்கிறது? அந்த உதயகுமாரை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடு. கடுக்கன் அவனுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

குறை என்று எழுதியிருந்தாய். கேள். அந்தப் பந்து மேலே போனதும் என்னைச் சுற்றி அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். முதல் தடவையாக, எனக்கு இருந்த அமைதிதான் மைதானம் முழுக்க எல்லோருக்கும் இருந்தது. அந்தப் பையன் எழும்பினான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். உன் வாய் குவிந்தது. சேக்காட்டுச் சந்தில் உன் பின்னால் நின்றுகொண்டு, பந்து அடுத்த வீட்டுக் கூரைக்குப் போகப் போகிறது என்று தெரிந்ததும் உனக்கு முதன்முதலில் அந்த வார்த்தையைச் சொன்னவள் நான். எனக்கா தெரியாது? உன்னோடு சேர்ந்து நானும் கத்தியிருக்கிறேன் போல. பக்கத்திலிருந்த ரேணுகா பயந்துபோய் என் கையைப் பிடித்தாள்.

கேட்டது, கோயிந்து. பத்து மாதத்துக்குப் பிறகு ஒரு குரல் கேட்டது.

உனக்குத் தொண்டை கொஞ்சம் கட்டியிருந்தது. பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடி.

அக்கா